ஹீட் பம்ப் போடும்முன் கேட்க வேண்டியவை: காசு எங்கே வீணாகிறது, எப்படித் தடுப்பது

வீட்டைச் சூடாக்க ஹீட் பம்ப் போடலாம் என்று முடிவு செய்தவர்கள் முதலில் கேட்பது எந்தப் பிராண்ட் நல்லது என்றுதான். என்னைக் கேட்டால் அது பத்தாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரே மாடல் ஒரு வீட்டில் சத்தமில்லாமல் சிக்கனமாக ஓடும், அடுத்த வீட்டில் கரண்டை விழுங்கும். வித்தியாசம் பெட்டியில் இல்லை, அதைப் போட்டவர் செய்த (அல்லது செய்யாத) கணக்கிலும் குழாயிலும் செட்டிங்கிலும் இருக்கிறது. கீழே இருப்பது பெரும்பாலும், வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீரில் ஏற்றி ரேடியேட்டருக்கோ (சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பலகை) தரைக்கடியில் ஓடும் குழாய்க்கோ அனுப்பும் வகையைப் பற்றியது. அறைக்குள் சூடான காற்றையே ஊதும் வகைக்குத் தனியாக ஒரு பதில் இருக்கிறது.

வெளியே குளிராக இருக்கும்போது அங்கிருந்து எப்படிச் சூடு கிடைக்கும்?

ஏசி எப்படி அறையின் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறதோ, அதையே திருப்பிப் போட்டால் ஹீட் பம்ப். வெளிக்காற்று மைனஸ் 5 டிகிரியில் இருந்தாலும் அதைவிடக் குளிர்ந்த திரவத்தை அதன் வழியே ஓடவிட்டால் சூடு இந்தப் பக்கம் வரத்தான் செய்யும். கம்ப்ரசர் அதை அழுத்தி இன்னும் சூடாக்கித் தண்ணீருக்குக் கொடுக்கிறது. 1 யூனிட் மின்சாரம் கொடுத்தால் 3 அல்லது 4 யூனிட் சூடு கிடைப்பது இப்படித்தான். இந்த விகிதத்துக்குத்தான் சிஓபி என்று பெயர்.

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. வெளியே உள்ள குளிருக்கும், நீங்கள் கேட்கும் தண்ணீரின் சூட்டுக்கும் நடுவே இடைவெளி கூடக்கூட சிஓபி விழும். தண்ணீரின் சூட்டை 1 டிகிரி குறைத்தால் மின்செலவு தோராயமாக 2 முதல் 3 சதவீதம் வரை குறையும். வெளியே எவ்வளவு குளிர் என்பது நம் கையில் இல்லை, தண்ணீரின் சூடு நம் கையில் இருக்கிறது. இனி வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதன் விளைவுகள்தான்.

எத்தனை கிலோவாட் வாங்குவது? வீட்டின் சதுர அடியை வைத்துச் சொல்லிவிடலாம் என்கிறார்களே?

சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு கிலோவாட் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு சூட்டை இழக்கலாம். சுவரின் வகை, ஜன்னல் கண்ணாடி, கூரைக்கு மேல் போட்ட இன்சுலேஷன், இடுக்குகளில் நுழையும் காற்று எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. அறை அறையாக அளந்து, உங்கள் பகுதியில் வழக்கமாக வரும் கடுங்குளிரை வைத்து, மொத்தம் எத்தனை கிலோவாட் சூடு வெளியே போகிறது என்று கணக்கிட வேண்டும். வெப்ப இழப்புக் கணக்கு என்பது இதுதான். அளக்க வருபவர் டேப்போடு ஒவ்வொரு அறைக்குள்ளும் போகவில்லை என்றால் கணக்கு நடக்கவில்லை என்று அர்த்தம்.

பழைய பாய்லரின் (எரிவாயுவில் தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம்) கிலோவாட் எண்ணைப் பார்த்து அதே அளவு வாங்குவது இன்னொரு தவறு. குளிக்கும் தண்ணீரை உடனுக்குடன் சூடாக்கித் தரும் பாய்லர் 24 கிலோவாட்டுக்கு மேல் இருப்பது சகஜம். அந்த எண் குழாய்த் தண்ணீருக்காக வைத்தது. அதே வீடு உறைபனி நாளில் இழப்பது 6 அல்லது 8 கிலோவாட் மட்டுமாக இருக்கலாம்.

நீங்களே சரிபார்க்க ஒரு வழி உண்டு. இப்போது எரிவாயு பாய்லர் இருந்தால், நல்ல குளிர் நாளில் காலையில் மீட்டரைக் குறித்துக்கொண்டு மறுநாள் அதே நேரத்தில் மறுபடி குறியுங்கள். 24 மணி நேரத்தில் 150 யூனிட், அதாவது (மீட்டர் கன மீட்டரில் காட்டினால் மாற்றிய பிறகு) 150 கிலோவாட் மணி நேரம் எரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாய்லரின் திறன் 90 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வந்தது 135. அதை 24-ஆல் வகுத்தால் சராசரியாக 5.6 கிலோவாட். அன்றைய குளியல் தண்ணீரும் இதில் சேர்ந்திருக்கிறது, ஆகவே உண்மைத் தேவை இன்னும் கொஞ்சம் குறைவு. அதைவிடக் கடுமையான குளிர் வரும் என்றால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த வீட்டுக்கு 14 கிலோவாட் பெட்டி வேண்டும் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் எந்தக் கணக்கில் என்று கேட்க உங்கள் கையில் ஓர் எண் இருக்கும்.

கொஞ்சம் பெரிதாகவே வாங்கிவிட்டால் பாதுகாப்புதானே?

இல்லை. பாய்லர் வாங்கிய பழக்கத்தில் வரும் எண்ணம் இது, அதிகக் காசைச் சாப்பிடுவதும் இதுதான்.

இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உண்மை. ஆனால் பொதுவாக முழுத் திறனில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு வரைதான் இறங்கும். மைனஸ் 5 டிகிரியில் 7 கிலோவாட் இழக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே 10 டிகிரி இருக்கும் சாதாரண நாளில், உள்ளே 20 வைத்திருக்க அதற்கு 2.8 கிலோவாட் போதும். 14 கிலோவாட் இயந்திரம் எவ்வளவு அடங்கினாலும் 4-க்குக் கீழே இறங்காது என்றால், என்ன ஆகும்? ஓடும், சில நிமிடங்களில் தண்ணீர் தேவைக்கு மேல் சூடாகும், நிற்கும், ஆறும், மறுபடி ஓடும். நாள் முழுக்க இதே கதை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மின்சாரம் வீண், கம்ப்ரசருக்கும் தேய்மானம். வருஷத்தில் கடுங்குளிர் நாட்கள் கொஞ்சம்தான், மிதமான நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களில் எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆண்டு முழுவதற்குமான பில்.

ரொம்பச் சிறிதாக வாங்கினாலும் சிக்கல்தான். உள்ளே இருக்கும் துணை ஹீட்டர் அடிக்கடி ஓடும், அது 1 யூனிட்டுக்கு 1 யூனிட் சூடுதான் தரும். ஆனால் நடைமுறையில் நான் பார்க்கும் புலம்பல்களில் சிறிதாகப் போனவை குறைவு, பெரிதாகப் போனவையே அதிகம்.

பிரசுரத்தில் 8 கிலோவாட் என்று இருக்கிறது. அதை அப்படியே நம்பலாமா?

எந்தக் குளிரில், எந்தத் தண்ணீர்ச் சூட்டில் என்று பாருங்கள். பல பிரசுரங்களில் பெரிய எழுத்தில் வரும் எண், வெளியே 7 டிகிரியும் தண்ணீர் 35 டிகிரியுமாக இருக்கும்போது அளந்தது. ஏ7/டபிள்யூ35 என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மைனஸ் 7-இல் 50 டிகிரித் தண்ணீர் கேட்டால் அதே பெட்டி தருவது கணிசமாகக் குறையலாம், சிஓபியும் அப்படித்தான். தொழில்நுட்பக் கையேட்டில் முழு அட்டவணை இருக்கும். உங்கள் ஊர்க் குளிரும் உங்கள் தண்ணீர்ச் சூடும் சந்திக்கும் கட்டத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். குறைந்தபட்சத் திறனும் அங்கேதான் இருக்கும், முந்தைய பதிலுக்கு அது தேவை.

ரேடியேட்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவரும் ஒன்றையும் தொட வேண்டாம் என்பவரும் கணக்குப் போடாமல் பேசுகிறார்கள்.

ரேடியேட்டரின் அளவு வழக்கமாக, அதிலுள்ள தண்ணீருக்கும் அறைக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்று வைத்துச் சொல்லப்படுகிறது. பாய்லர் சராசரியாக 70 டிகிரியில் தண்ணீர் அனுப்பிய காலத்தில் அது பொருந்தியது. ஹீட் பம்பில் சராசரி 45 டிகிரி என்றால் வித்தியாசம் 25 ஆகிறது, அதே ரேடியேட்டர் சுமார் 40 சதவீதம்தான் தரும். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் முதலில் போட்டவர்களே தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டிருப்பார்கள், நடுவில் நீங்கள் ஜன்னலை மாற்றியிருப்பீர்கள், கூரைக்கு இன்சுலேஷன் போட்டிருப்பீர்கள். அதனால் பல வீடுகளில் நாலைந்து ரேடியேட்டரை மட்டும் மாற்றினால் போதும் என்று கணக்கு சொல்லும்.

செலவே இல்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இந்தக் குளிர்காலத்திலேயே உங்கள் பாய்லரின் தண்ணீர்ச் சூட்டை 50 டிகிரிக்கு இறக்கி, நாள் முழுக்க அணைக்காமல் ஓடவிட்டுப் பாருங்கள். குளியல் தண்ணீருக்குத் தனி செட்டிங் இருந்தால் அதைத் தொட வேண்டாம். எந்த அறை சூடாகவில்லையோ அந்த அறையின் ரேடியேட்டர்தான் மாற்ற வேண்டியது. பெரும்பாலும் அது வடக்குப் பக்க அறையாகவோ பின்னால் ஒட்டிக் கட்டிய அறையாகவோ இருக்கும்.

ரேடியேட்டருக்குச் செலவழிக்க யோசித்து அதற்குப் பதிலாகத் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்றி ஓட்டலாம், ஓடும். அந்த மிச்சத்தை ஒவ்வொரு மாதமும் மின்பில்லில் கட்டுவீர்கள்.

முதலில் வீடு முழுக்க இன்சுலேஷன் செய்துவிட்டுத்தான் போட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. கணக்கு சரியாக இருந்தால் பழைய வீட்டிலும் ஓடும். ஆனால் கூரை, கதவிடுக்கு மாதிரி மலிவான வேலைகளை எப்படியும் செய்யப் போகிறீர்கள் என்றால் பெட்டி வாங்கும்முன் செய்யுங்கள். பின்னால் செய்தால் பெட்டி பெரிதாகிப் போன கணக்காகிவிடும்.

பழைய குழாய்கள் போதுமா? பஃபர் டேங்க் (சுற்றில் கூடுதல் தண்ணீரை வைத்திருக்கும் தொட்டி) கட்டாயம் என்று போடுபவர் சொல்கிறாரே?

பாய்லரில் தண்ணீர் 20 டிகிரி ஆறித் திரும்பி வரும். ஹீட் பம்பில் 5 டிகிரிதான் ஆறும். அதே சூட்டைக் கொண்டுபோக நாலு மடங்கு தண்ணீர் ஓட வேண்டும். 8 கிலோவாட்டுக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 23 லிட்டர். 8 அல்லது 10 மில்லிமீட்டர் மெல்லிய செப்புக் குழாயில் இதற்கு இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் வேலையைத் தொடங்கினால், பாதி வேலையில் தரையைப் பெயர்க்க வேண்டிவரும், அந்தச் செலவு கோட்டேஷனில் இருக்காது. பழைய ரேடியேட்டர்களில் படிந்த கறுப்புச் சேற்றைக் கழுவி எடுப்பதும், காந்த ஃபில்டர் வைப்பதும் விட்டுப்போகக் கூடாது. அந்தச் சேறு போய் உட்காரும் இடம் புது இயந்திரத்தின் வெப்பப் பரிமாற்றி.

பஃபர் டேங்க் விஷயத்தில் ஆளுக்கொரு பேச்சு. இயந்திரத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை லிட்டர் தண்ணீர் சுற்றில் இருக்க வேண்டும் என்று கையேடு சொல்லும், வெளி யூனிட்டில் படியும் பனியை உருக்கும் நேரத்தில் அந்தத் தண்ணீரின் சூடு தேவைப்படும். சுற்றில் அவ்வளவு தண்ணீர் இருந்தால் பஃபர் அவசியமில்லை. போதாவிட்டால் திரும்பி வரும் குழாயில் ஒரு சிறு டேங்கை இணைத்தாலே பல வீடுகளில் வேலை முடிந்துவிடும். நாலு குழாய் இணைத்து இரண்டு பம்ப் வைத்துப் போடும் முறையில் சூடான தண்ணீரும் ஆறித் திரும்பும் தண்ணீரும் உள்ளே கலந்துவிடும். இயந்திரம் 48-இல் அனுப்பியது ரேடியேட்டருக்கு 44-ஆகப் போகலாம். அந்த 4 டிகிரிக்கான கரண்ட் காசு உங்களுடையது. ஏன் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். எப்போதும் போடுவோம் என்பது பதில் இல்லை.

அறைக்கு அறை தெர்மோஸ்டாட் வைத்து ஒவ்வொன்றாக மூடுவதும் இதே வகைதான். ஓடும் தண்ணீர் குறைந்து இயந்திரம் நின்று நின்று ஓடும். பெரும்பாலான அறைகளை முழுக்கத் திறந்தே விடுங்கள்.

வெளி யூனிட்டை எங்கே வைப்பது? சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகுமா?

காற்று தாராளமாக வந்து போக வேண்டும், இதுதான் முதல் விதி. ஊதிவிட்ட குளிர்ந்த காற்றையே மறுபடி இழுக்கும்படி மூலையில் திணித்தால் அது இருக்கிற குளிரைவிடக் கூடுதல் குளிரில் வேலை செய்கிறது. அழகுக்காக மரப்பெட்டிக்குள் மறைப்பதும் அதையே செய்யும்.

சத்தத்துக்கு இரண்டு கணக்கு தெரிந்தால் போதும். தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். பின்னால் ஒரு சுவர் இருந்தால் சுமார் 3 டெசிபல் கூடும், இரண்டு சுவர் சேரும் மூலை என்றால் இன்னும் 3. அதனால் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே, இரண்டு சுவர் சேரும் இடத்தில் வைப்பதுதான் ஆக மோசமான தேர்வு, ஆச்சரியமாக நிறையப் பேர் அங்கேதான் வைக்கிறார்கள், குழாய் நீளம் மிச்சமாகிறது என்று. சுவரில் மாட்டினால் அதிர்வு உள்ளே கேட்கும். தரையில் ரப்பர் காலோடு வைப்பது மேல்.

அடியில் தண்ணீர் வடியும், குளிரில் நாளுக்குப் பல லிட்டர் வரலாம். அதற்குச் சரளைக் கல் போட்ட குழியோ வடிகாலோ இல்லாவிட்டால் நடைபாதையில் ஓடி உறைந்து ஆட்களை வழுக்கிவிடும். பனி கொட்டும் இடம் என்றால் உயரமான ஸ்டாண்ட் வேண்டும். வெளியே ஓடும் தண்ணீர்க் குழாய்க்குத் தடிமனான, வெயிலைத் தாங்கும் உறை; கரண்ட் போனால் உறையாமல் இருக்க கிளைகால் (தண்ணீரில் கலக்கும் உறைதடுப்புத் திரவம்) அல்லது தானாகத் திறந்து தண்ணீரை வடித்துவிடும் வால்வு. இதில் எது இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள்.

வெளி யூனிட்டிலிருந்து புகை வருகிறது, பனி பிடித்திருக்கிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. 0 முதல் 5 டிகிரி வரையான ஈரக் குளிரில் வெளி யூனிட்டின் காயிலில் (குழாய்ச் சுருளில்) பனி படியும், இயந்திரம் சில நிமிஷம் திருப்பி ஓடி அதை உருக்கும், அப்போது எழுவது நீராவி. பனிக்கட்டி நாள் முழுக்க அப்படியே இறுகி நின்றால்தான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

போட்ட பிறகு பில் எகிறிவிட்டது. ஏன்?

முதலில் தண்ணீரின் சூடு எத்தனையில் நிற்கிறது என்று கண்ட்ரோலரில் பாருங்கள். குளிரானாலும் மிதமானாலும் 55-இல் நிற்கிறது என்றால் காரணம் கிடைத்துவிட்டது. போட்டவர் ஹீட்டிங் கர்வை அமைக்காமல், யாரும் புகார் சொல்லக் கூடாது என்று ஓர் உயர்ந்த எண்ணை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஹீட்டிங் கர்வ் என்பது வெளியே 10 டிகிரி இருந்தால் தண்ணீர் 33 போதும், மைனஸ் 5 என்றால் 47 வேண்டும் என்கிற மாதிரியான கோடு. இதை ஒரு டிகிரி குறைத்து இரண்டு நாள் பாருங்கள், வீடு சூடாகவே இருந்தால் இன்னொரு டிகிரி. சோபாவில் உட்கார்ந்தபடி செய்யலாம், வீட்டில் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

அடுத்து துணை ஹீட்டர். 3 முதல் 9 கிலோவாட் வரை இருக்கும். எந்தக் குளிருக்குக் கீழே அது ஓடலாம் என்று ஒரு செட்டிங் உண்டு. அது தவறாக 7 டிகிரியில் இருந்தால் குளிர்காலம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். அது எத்தனை மணி நேரம் ஓடியது என்ற எண் மெனுவுக்குள் எங்கோ இருக்கும், தேடுங்கள்.

மூன்றாவது, பாய்லர் மாதிரியே காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்று டைமர் வைப்பது. ஆறிக் கிடக்கும் வீட்டைச் சட்டென்று சூடாக்கச் சொன்னால் தண்ணீரின் சூடு ஏறும், துணை ஹீட்டரும் கை கொடுக்கக் கிளம்பும். இரவில் 1, 2 டிகிரி குறைப்பது பரவாயில்லை, அதற்கு மேல் வேண்டாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பில் கூடுதல் என்றால் விலைக் கணக்கைப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் எரிவாயுவைப் போல 4 மடங்கு விலை, பழைய பாய்லர் 90 சதவீதத் திறன் என்றால், ஆண்டுச் சராசரி சிஓபி 3.6 வந்தால்தான் சமன். இதை வாங்கும்முன்னே போட்டுப் பார்க்க வேண்டும். எரிவாயு இணைப்பை முழுக்கத் துண்டித்தால் மாதாமாதம் கட்டும் நிலைக் கட்டணம் மிச்சமாகும், அதையும் சேருங்கள்.

குளிக்கும் சுடுதண்ணீருக்கு?

பழைய சிலிண்டரையே (சுடுதண்ணீரைச் சேமிக்கும் தொட்டி) வைத்துக்கொள்ளலாம் என்று மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். பாய்லருக்கான சிலிண்டரின் உள்ளே இருக்கும் சுருள் சிறியது. ஹீட் பம்புக்கு 3 சதுர மீட்டர் பக்கம் பரப்புள்ள சுருள் நல்லது. சுருள் சிறிதானால் சூடு தண்ணீரில் இறங்காமல் இயந்திரம் தடுமாறும். தினசரி 48, 50 டிகிரி போதும். லெஜியோனெல்லா கிருமி 20 முதல் 45 டிகிரி வரை பெருகும் என்பதால் அவ்வப்போது 60 டிகிரிக்கு ஏற்றும் அமைப்பு இருக்கட்டும், ஆனால் அது தினமும் ஓடுகிறதா, வாரம் ஒருமுறையா என்று பாருங்கள்.

சுவரில் மாட்டி காற்று ஊதும் வகை போடுகிறோம். அதில் என்ன கவனிக்க வேண்டும்?

இங்கே காசு கசிவது பெரும்பாலும் செப்புக் குழாயின் இணைப்பில். முனையைச் சரியாக விரித்து, டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) வைத்து முறுக்கி, நைட்ரஜன் அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து, அப்புறம் வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே உள்ள அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்பை நிறுத்திய பின்னும் அது ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வேக்குவம் பம்பே கொண்டுவராமல், உள்ளிருக்கும் கேஸைக் கொஞ்சம் திறந்து காற்றைத் தள்ளிவிட்டு முடித்துக்கொள்பவரை அங்கேயே நிறுத்துங்கள். குழாய்க்குள் தங்கும் ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரசரைத் தின்னும், அது தெரிய இரண்டு மூன்று வருஷம் ஆகும், அதற்குள் அவர் போனை எடுக்க மாட்டார்.

பழைய ஃபர்னஸின் (காற்றைச் சூடாக்கி வீடு முழுக்க ஊதும் இயந்திரம்) டக்டையே, அதாவது காற்றுக் குழலையே, பயன்படுத்துவதாக இருந்தால் அதன் அளவும் கசிவும் சோதிக்கப்பட வேண்டும். ஹீட் பம்ப் ஊதும் காற்று ஃபர்னஸ் காற்றைவிடச் சூடு குறைவு, ஆகவே அதிகக் காற்று ஓட வேண்டும்.

ஆர்32 வாங்குவதா, ஆர்290 வாங்குவதா?

இவை இயந்திரத்துக்குள் சுற்றிச் சூட்டைச் சுமக்கும் வாயுக்களின் பெயர்கள். ஆர்290 என்பது புரோப்பேன், ஆர்410ஏ பழைய வகை. புவி வெப்ப விளைவு எண் ஆர்410ஏ-க்கு 2,088, ஆர்32-க்கு 675, புரோப்பேனுக்கு மிக மிகச் சொற்பம். சூடான தண்ணீரும் நன்றாகத் தரும். ஆனால் தீப்பிடிக்கும் வாயு, காற்றைவிடக் கனமானது, அதனால் ஜன்னல், கதவு, தரை வடிகால் ஆகியவற்றிலிருந்து கையேடு சொல்லும் தூரம் விட்டே வைக்க வேண்டும். உங்கள் இடத்தில் அந்தத் தூரம் கிடைக்கிறதா என்பதை முதலில் அளந்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

மூன்று கோட்டேஷன் வாங்கியாகிவிட்டது. எதை வைத்து ஒப்பிடுவது?

மொத்த விலையை மடித்து வைத்துவிட்டு இவற்றைத் தேடுங்கள். அறை வாரியான வெப்ப இழப்புக் கணக்கு இணைத்திருக்கிறாரா? கடுங்குளிர் நாளில் தண்ணீர் எத்தனை டிகிரி என்று எழுதியிருக்கிறாரா? 55 என்று ஒருவரும் 45 என்று இன்னொருவரும் எழுதியிருந்தால் இரண்டும் ஒரே பொருள் இல்லை. முதலாமவரின் விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். எந்த ரேடியேட்டர் மாறுகிறது, மெயின் மின்பலகை தாங்குமா, தனி சர்க்யூட் யார் இழுப்பது, வெளியே காங்கிரீட் மேடை யார் போடுவது, பழைய பாய்லரை யார் எடுத்துப்போவது? விடுபட்டவை எல்லாம் பிறகு தனி பில்லாக வரும். வெப்ப மீட்டர் சேர்த்திருந்தால் கூடுதல் விலை கொடுத்தாலும் நஷ்டமில்லை, சிஓபி எவ்வளவு என்று வாய்ச்சண்டை போடாமல் எண்ணைக் காட்டலாம். ஏற்கெனவே ஒரு முழுக் குளிர்காலத்தைக் கடந்த வாடிக்கையாளர் ஒருவரிடம் பேச முடியுமா என்றும் கேளுங்கள். நல்ல ஆட்கள் தயங்க மாட்டார்கள்.

அரசு மானியம்?

இருக்கும் இடங்களில் விதிகள் உண்டு. அங்கீகாரம் பெற்றவர்தான் போட வேண்டும், குறிப்பிட்ட மாடலாக இருக்க வேண்டும், வேலை தொடங்கும்முன்னே விண்ணப்பிக்க வேண்டும் என்பவை பொதுவாக வருபவை. அட்வான்ஸ் கொடுக்கும்முன் படித்துவிடுங்கள்.

வேலை முடிந்தது என்று சொல்கிறார். கடைசித் தவணை கொடுக்கலாமா?

அவர் எதிரிலேயே எல்லா அறையும் ஒன்றுபோல் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள், ஒரு ரேடியேட்டர் கொதித்து இன்னொன்று ஆறிக் கிடந்தால் பேலன்ஸ் செய்யவில்லை, அதாவது தண்ணீரைச் சரியாகப் பங்கிடவில்லை. நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது, போகும் தண்ணீரும் திரும்பும் தண்ணீரும் எத்தனை டிகிரி, ஹீட்டிங் கர்வ் எண்கள், துணை ஹீட்டர் செட்டிங் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், திரையை போனில் படமும் எடுத்து வையுங்கள். வாரண்டி வருடாந்திர சர்வீஸ் செய்தால்தான் செல்லும் என்று பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன, முதல் சர்வீஸ் தேதியை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் போட்டால் இதில் பாதியைச் சோதிக்கவே முடியாது. அதனால் முதல் குளிர் வந்ததும் ஒருமுறை வந்து செட்டிங் சரிசெய்து தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்து, அதற்காகச் சின்னத் தொகை ஒன்றை நிறுத்தி வைக்க முடியுமா என்று வேலை தொடங்கும்முன்னே பேசிவிடுங்கள்.